மீட்டரில் காசு தீர்ந்த இரவு

வால்சாலில், ஸ்டேஷனுக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில்
ஆண்டுக்கொரு சனிக்கிழமை கூடுகிறோம்.
இந்த முறை இருபத்து மூன்று பேர்.
போன முறை இருபத்தாறு.
வராத மூவரின் கதிரைகளை மடித்துவைக்கப்
பெரில் விடமாட்டாள்.

‘ஒன்பதாம் துறை’ எங்கள் தொடர்.
விண்கலம் பலகை, சன்னல் பிளாஸ்டிக்.
கதவு தானாகத் திறக்கும்;
சிலவேளை திறந்துவிடுகிறவரின் விரல் தெரியும்.
எத்தனை கிரகம் போனாலும் அதே கல்லுக்குழி.
பதினாலாம் பாகத்தில்,
உயிரே இல்லாத உலகின் தொடுவானில்
ஒரு பஸ் போகிறது.
அந்த இடம் வந்ததும் எழுந்து நின்று கைதட்டுவோம்.
க்ளிஃப் தொப்பியைக் கழற்றுவான்,
தேசிய கீதத்துக்கும் கழற்றாத தொப்பி.

கேலி என்று நினைக்காதே.
காதலித்தவளின் தெத்துப்பல் மாதிரி அது.

நான் வந்தது எழுபத்தொன்பதின் குளிரில்.
சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை,
நான், குலசிங்கம், சற்குணம், ஒரு மீட்டர்.
ஐம்பது பென்ஸ் போட்டால்
வெளிச்சம், ஹீட்டர், டிவி.
வியாழன் ஏழரைக்கு ஹீட்டரை அணைத்துவிட்டு
ஒரே போர்வைக்குள் ஒட்டிக்கொள்வோம்.
ஆங்கிலம் பாதி விளங்காது.
அதனாலென்ன,
கலத்தில் இருந்த வேற்றுக்கிரகத்தான் ஸோலுக்கும் விளங்காது.
“இன்னொருக்கால் சொல், மெதுவாக” என்பான்
கிழமைக்கு ஒரு தடவையாவது.
பேக்கரியில் ஃபோர்மனிடம்
அதே குரலில் நானும் சொன்னேன்.
மாவுக் கையோடு விழுந்து சிரித்தான்.
அவன்தான் க்ளிஃப்.

கடைசிப் பாகம்.
கலம் எரிகிறது.
கேப்டன் வெரிட்டி நெம்புகோலில் கை வைக்கிறாள்.
“இதை இழுத்தால்” என்கிறாள்
டப்.

குலசிங்கம் சட்டைப்பை எல்லாம் தட்டினான்.
சற்குணம் மெத்தையைத் தூக்கித் தடவினான்.
நான் படியால் பாய்ந்து சலவைக்கடைக் கதவைத் தட்டினேன்.
பூட்டு.

திரும்பப் போடுவார்கள் என்றிருந்தோம்.
யாரோ டேப்பை அழித்து
அதன்மேல் குதிரைப் பந்தயம் பதிந்துவிட்டார்களாம்.

ஆகவே ஒவ்வோர் ஆண்டும், தேநீருக்குப் பிறகு,
கொப்பி திறக்கப்படும்.
பெரில்: இழுத்தாள், எல்லோரும் பிழைத்தார்கள்.
க்ளிஃப்: அவளில்லை, ஸோல்தான் இழுத்தான்.
நைஜல்: நெம்புகோல் கையோடு கழன்றுவந்தது,
அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.
மூன்று பேருமே சத்தியம் பண்ணுவார்கள்.
எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுவேன்,
பார்த்தவன் போல,
இத்தனை வருடமாக.

இந்த முறை பேனா பிப்பாவிடம்.
பத்தொன்பது வயது, பச்சைத் தலைமயிர்,
தொடர் வந்தபோது அவள் அம்மாவுக்கே பால்பல்.
“நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்றாள் என்னைப் பார்த்து.

சொல்லிவிட்டேன்.
மீட்டர். டப். இருட்டு.

கெட்டில் மட்டும் கொதித்தது.
“எவ்வளவு நேரம் இருட்டு?” என்றான் க்ளிஃப்.
“விடியுமட்டும்.
மூன்று பேரும் நித்திரை கொள்ளாமல் கதைத்தோம்.
இழுக்கமாட்டாள், கை நடுங்கியது என்றான் குலசிங்கம்.
நடுங்கினால்தான் இழுப்பாள் என்றான் சற்குணம்.”

பிப்பா எழுதினாள்:
பன்னிரண்டாம் முடிவு. ஆறு மணிநேரம்.

“மிச்சம் எல்லாவற்றையும்விட நீளம்”
என்று முணுமுணுத்தான் நைஜல், பொறாமையோடு.

சற்குணம் இப்போது டொரொண்டோவில்.
போனில் இன்னும் அதையேதான் சொல்கிறான்.
குலசிங்கத்தைக் கேட்க இனி வழியில்லை.

பெரில் மூக்கைத் துடைத்துக்கொண்டு,
“பஸ் வரும் பாகத்தை இன்னொருக்கால் போடு” என்றாள்.
போட்டார்கள்.
கல்லுக்குழி. காற்று. பலகைக் கதவு.
வருகிறது, வருகிறது,
எழுந்தோம்,
முழங்கால்கள் ஒவ்வொன்றாய்ச் சத்தமிட.